எல்லாருக்கும் ஒரே சீட்டா? வாசகர்களின் சர்க்கரைக் கேள்விகள்

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கடிதங்கள் எதுவும் நாற்பது, ஐம்பது வயதுக்கார 'வழக்கமான' சர்க்கரை நோயாளியைப் பற்றியவை அல்ல. வயதானவர், நோன்பு வைப்பவர், காசநோயாளி, கர்ப்பிணி, பள்ளிச் சிறுமி என்று ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு கணக்கு கேட்கிறது. கீழே சொல்லும் அளவுகளை மருத்துவரிடம் எடுத்துப்போய்ப் பேசுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

என் மாமியாருக்கு வயது 78. பதினைந்து வருஷமாகக் காலையும் இரவும் கிளிபென்கிளமைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். ஃபாஸ்டிங் 92, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2. 'இந்த வயசிலும் என்ன கண்ட்ரோல்' என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். ஆனால் இரண்டு மாதமாக விடியற்காலையில் உளறுகிறார், பேரனையே யார் என்கிறார், ஒரு நாள் பாத்ரூமில் விழுந்தும்விட்டார். டீ குடித்தால் தெளிந்துவிடுகிறார். இது மறதி நோயா? கிரியாட்டினின் 1.9 என்று வந்திருக்கிறது.
— வாசகி, குடியாத்தம்

டீ குடித்தால் தெளிந்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. அந்த டீயில் போட்ட சர்க்கரைதான் அவரை மீட்கிறது. மறதி நோய் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், சர்க்கரை இறங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உளறும்போது டீ கொடுக்கும் முன் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சந்தேகமே இல்லை. மீட்டர் கையில் இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் சர்க்கரையைக் கொடுங்கள்.

சின்ன வயதுக்காரருக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். வயதானவரிடம் அந்த முன்னறிவிப்பு பல சமயம் வராது. நேராகக் குழப்பம், வாய் குழறல், காரணமில்லாத கோபம், கீழே விழுவது என்று வரும். பிரஷருக்கு அட்டினோலால் போன்ற மாத்திரை சாப்பிட்டால் படபடப்பும் நடுக்கமும் இன்னும் மறைந்துபோகும். வியர்வை மட்டும் மறையாது. விடியற்காலையில் தலையணை நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் இப்போது மட்டும் இப்படி? கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு. அது 1.9 என்றால் 'கொஞ்சம் கூட' என்றுதான் தோன்றும். 78 வயதுப் பெண்ணுக்கு அதைச் சிறுநீரக வடிகட்டும் திறனாக, அதாவது இ.ஜி.எஃப்.ஆர். கணக்கில் போட்டால் ஏறக்குறைய 27 வருகிறது. கிளிபென்கிளமைடும் அது உடைந்து உண்டாகும் பொருள்களும் வெளியேறச் சிறுநீரகம் வேண்டும். வெளியேறாமல் தேங்கினால் முந்தாநாள் மாத்திரையும் இன்று வேலை செய்துகொண்டிருக்கும். உடம்பில் சுரக்கும் இன்சுலினும் பழுதான சிறுநீரகத்தில் மெதுவாகத்தான் அழியும். பதினைந்து வருஷத்துக்கு முன் சரியாக இருந்த அதே மாத்திரை இன்று அளவு மீறிப்போனது இப்படித்தான்.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கிளிபென்கிளமைடு நிறுத்தப்பட வேண்டியது. இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினும் கூடாது. 30-க்கும் 45-க்கும் இடையில் என்றால் நாளுக்கு 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மாற்றாக லினாகிளிப்டின் 5 மி.கி. போன்றவை உண்டு, சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அதன் அளவை மாற்ற வேண்டியதில்லை. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிச் சாப்பிடுகிறார் என்றால் அதை உடனே விடுங்கள், மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

மெச்சிக்கொண்ட அந்த 6.2-ஐயும் நம்ப வேண்டாம். சிறுநீரக நோயில் ரத்தசோகை சேர்ந்திருந்தால் எச்பிஏ1சி உண்மையைச் சொல்லாது. சரியாகவே இருந்தாலும் உங்கள் மாமியாருக்கு அது தேவையில்லாத இறுக்கம். எச்பிஏ1சி 8-ஐ ஒட்டியும் ஃபாஸ்டிங் 100-க்கும் 150-க்கும் நடுவிலும் இருந்தால் போதும். இருபது வருஷம் கழித்து வரப்போகும் கேட்டைத் தடுக்கிறேன் என்று இன்றைக்கு இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வது என்ன கண்ட்ரோல்?

சர்க்கரை இறங்கினால், விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும், மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இட்லியோ சோறோ கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் திரும்ப இறங்கும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த மாத்திரையால் வந்த இறக்கம் ஒரு நாளுக்கு மேலும் திரும்பத் திரும்ப வரக்கூடும் என்பதால், தெளிந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்து வராமல் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதே சரி.

2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல விஷயம். ஆனால் மாத்திரை வருகிறதே என்று மருத்துவரையே பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். எழுபது தாண்டியவருக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்தே ஆக வேண்டும்.

அத்தாவுக்கு வயது 56. 30/70 மிக்ஸ் இன்சுலின் காலை 24 யூனிட், இரவு 16 யூனிட். மெட்ஃபார்மின் 500 மி.கி. மூன்று வேளை. ரமலான் நோன்பை விடவே மாட்டேன் என்கிறார். போன வருஷம் அஸருக்கு (மாலைத் தொழுகை) பிறகு இரண்டு முறை மயங்கினார். என்ன செய்வது?
— வாசகர், மேல்விஷாரம்

முதலில், யார் வைக்கவே கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறோம். உடம்பில் இன்சுலின் சுரப்பே நின்றுபோன டைப் 1 நோயாளிகள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள், கடந்த மூன்று மாதத்தில் கடுமையாகச் சர்க்கரை இறங்கியவர்கள் அல்லது இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. இதை டாக்டர் சொல்வதைவிட பள்ளிவாசல் இமாம் சொன்னால் அத்தா கேட்பார். அவரையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அத்தா இந்தப் பட்டியலில் இல்லையென்றால், ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரிடம் போக வேண்டும். பிறை பார்த்த பிறகு போனால் மருந்தை மாற்றிப் பார்த்துச் சரிசெய்ய நேரம் இருக்காது. போன வருஷம் மயங்கியதன் காரணம் ஊகிக்கக்கூடியதே. காலை டோஸை அப்படியே ஸஹரில், அதாவது நோன்பு தொடங்கும் முன் விடியலுக்கு முந்தைய சாப்பாட்டு நேரத்தில் போட்டிருப்பார். பகல் முழுக்கச் சாப்பாடு இல்லாமல் 24 யூனிட் என்றால் மாலை நேரத்தில் சர்க்கரை கீழே போகத்தான் செய்யும்.

மிக்ஸ் இன்சுலினுக்கு வழக்கமான மாற்றம் இது. காலை டோஸ் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போகும், இரவு டோஸில் பாதி ஸஹருக்கு வரும். அதாவது நோன்பு திறக்கும்போது 24, ஸஹரில் 8. மெட்ஃபார்மினை நோன்பு திறந்த பின் 1000 மி.கி., ஸஹரில் 500 மி.கி. என்று பிரித்துக்கொள்ளலாம். முதல் நான்கு நாள் மீட்டர் கணக்கைக் காட்டி மருத்துவர் மேலும் திருத்துவார். கிளிமிபிரைடு ஒரு வேளை சாப்பிடுபவர்கள் அதை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு வேளை என்றால் ஸஹர் மாத்திரையைப் பாதியாக்க வேண்டியிருக்கும்.

விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியும் என்ற பயம் ஊரில் இன்னும் இருக்கிறது. முறியாது என்றுதான் மார்க்க அறிஞர்களும் சொல்கிறார்கள். ஸஹருக்கு முன், காலை பத்து மணி வாக்கில், லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம், அஸருக்குப் பிறகு, நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து என்று பாருங்கள். 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேல் ஏறினாலும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும். 'இன்னும் அரை மணி நேரம்தானே' என்ற பேச்சே கூடாது, அந்த அரை மணியில்தான் மயக்கம் வருகிறது.

சாப்பாட்டில் பெரிய தப்பு இரண்டு. ஒன்று, ஸஹருக்கு எழாமல் தூங்கிவிட்டு நோன்பு வைப்பது. அப்படியொரு நாள் நேர்ந்தால் அன்று நோன்பு வேண்டாம். இன்னொன்று, நோன்பு திறந்ததும் கஞ்சி இரண்டு கிண்ணம், சமோசா, வடை, ரோஸ் சர்பத், பிறகு பத்து மணிக்கு பிரியாணி. பேரீச்சம் பழம் ஒன்றிரண்டு, கஞ்சி ஒரு கிண்ணம், தண்ணீர், அதோடு தொழுகைக்குப் போய்விட்டு வந்து ஒரு சாப்பாடு போதும். ஸஹரில் சப்பாத்தி, பருப்பு, முட்டை, தயிர் மாதிரி மெதுவாகச் செரிப்பவை நல்லது. ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹே நல்ல உடற்பயிற்சி. பகலில் தனியாக வாக்கிங் வேண்டாம்.

காசநோய் மாத்திரை தொடங்கி இரண்டு மாதம். அதே கிளிமிபிரைடு, அதே சாப்பாடு. 160 இருந்த ஃபாஸ்டிங் இப்போது 290. எதை நிறுத்துவது?
— வாசகர், வாணியம்பாடி

காசநோய் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதிலுள்ள ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை வேகமாக அழித்துவிடுகிறது. நோய்த்தொற்றும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றும். 290 என்றால் சிகிச்சை முடியும்வரை இன்சுலினுக்கு மாறுவதே நல்லது, எடையும் சேர்ந்து தேறும். ஐசோனியசிட் கால் நரம்பைப் பாதிக்கும், சர்க்கரையும் பாதிக்கும், அதனால் பைரிடாக்சின் மாத்திரை தருகிறார்களா என்று கேளுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்து ரிஃபாம்பிசின் நின்றதும், இரண்டு மூன்று வாரத்தில் பழைய மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் வீரியம் திரும்பும். அப்போது அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும்.

மகளுக்கு 26 வாரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்த்ததில் 152. வெறும் வயிற்றில் 88தான். 'சாப்பிட்டுவிட்டுப் போனாள், அதனால்தான் கூடியிருக்கிறது' என்கிறார் சம்பந்தி. ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார்கள். கேழ்வரகுக் கஞ்சி மட்டும் கொடுக்கிறோம், போதுமா?
— வாசகி, ஆற்காடு

சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சோதனை செல்லும், அப்படித்தான் அதை வகுத்திருக்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிஷத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்திருந்தால் மட்டும் இன்னொரு நாள் செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் 88 என்பது ஆறுதல் இல்லை. நம் பெண்களில் பலருக்குச் சாப்பிட்ட பின்புதான் ஏறுகிறது.

கேழ்வரகு நல்லதுதான், கஞ்சியாகக் குடித்தால் வேகமாக ஏறும். களியாகவோ அடையாகவோ, கூடவே கீரை, பருப்பு, முட்டை என்று கொடுங்கள். மூன்று பெரிய வேளையை மூன்று சிறிய வேளையும் இடையில் மூன்று சிற்றுணவுமாகப் பிரியுங்கள். 'ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு' என்பதை மறந்துவிடுங்கள், பட்டினியும் போடாதீர்கள். மகப்பேறு மருத்துவர் தடுக்காவிட்டால் சாப்பாட்டுக்குப் பின் நடக்கலாம்.

இரண்டு வாரம் இப்படி இருந்து பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழும் வராவிட்டால் மருந்து தேவை. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. தாண்டிப் போவது அம்மாவின் கூடுதல் சர்க்கரைதான். அதனால்தான் குழந்தை பெருத்து, பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்குகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்துவிட வேண்டும். பிரசவமாகி ஆறு வாரத்தில் அதே குளுக்கோஸ் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே அம்மாவுக்கும் பார்த்துவிடலாம்.

கணவருக்கு 12 வருஷமாகச் சர்க்கரை. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாத அளவுக்குக் கால் மரத்திருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்பு கட்டப்போகிறேன் என்கிறார். கிரிவலமும் மாதாமாதம் வெறுங்காலில்.
— வாசகி, அணைக்கட்டு

தீமிதி வேண்டாம். இதில் பாதி வழி கிடையாது. மற்றவர்களை வேகமாக நடக்கவைப்பது சூடுதான், அது தெரியாத காலை நெருப்பு வேண்டிய மட்டும் சுடும். கொப்புளத்தை மறுநாள்தான் பார்ப்பார். மாவிளக்கோ அன்னதானமோ போட்டு வேண்டுதலை முடித்துக்கொள்ளலாம். பூசாரியிடம் கேட்டாலே சொல்வார்.

கிரிவலம் 14 கிலோமீட்டர் தார் ரோடும் நடைபாதையும். வெறுங்காலில் வேண்டவே வேண்டாம். மெத்தென்ற காலணியும் பருத்தி சாக்ஸும் போட்டு, வெயில் தாழ்ந்த பிறகு போகட்டும். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு இடம் சிவந்து அரை மணி கழித்தும் சூடாகவே இருந்தால், அங்கே அடுத்து புண்தான்.

கால் மரத்ததால் புண் வரும் கணக்கை வேலூர் பக்கத்தில் கண்டுகொண்டது தொழுநோயாளிகளிடம். விரல்கள் தாமாக அழுகிப்போவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் போகின்றன என்பதை இங்கே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். காட்பாடி அருகே கரிகிரியில் அவர்களுக்குக் கொடுத்த மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளும் எம்.சி.ஆர். செருப்பு என்று போடுகிறார்கள். வாங்கும்போது உள்ளடி கட்டை விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், வெளியடி ஆணி ஏறாத கெட்டியாக இருக்க வேண்டும், பின்னால் பட்டை கட்டாயம். விரலிடுக்கில் வார் வரும் செருப்பு வேண்டாம். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பாருங்கள்.

சுகாதார நிலையத்தில் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வளையும் அளவுக்கு அழுத்தியும் தெரியவில்லை என்றால் காப்புணர்வு, அதாவது அடிபடாமல் காலைக் காக்கும் உணர்வு, போய்விட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர் தினமும் காலைப் பார்க்க வேண்டும், குளிக்கும் தண்ணீரின் சூட்டை வேறொருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும், ஆணிக்கால் பிளாஸ்டரும் பிளேடும் வீட்டில் தொடவே கூடாது.

தம்பிக்கு 22 வயது, எடை 41 கிலோ. சர்க்கரை 380. சின்ன வயசிலிருந்து அடிக்கடி வயிற்று வலி. மாத்திரை கேட்கவில்லை. 'சோறைக் குறை' என்கிறார்கள். இன்னும் மெலிகிறான்.
— வாசகர், போளூர்

சோறைக் குறைக்காதீர்கள். ஒல்லியான இளைஞனின் சர்க்கரையைத் தொந்திக்காரரின் சர்க்கரை மாதிரி நடத்துவதுதான் இங்கே தப்பு. வயிற்று வலியும் எண்ணெய் மிதக்கும் மலமும் இருந்தால் கணையத்தில் கல் இருக்கலாம். ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே பல சமயம் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் இன்சுலினும், சாப்பாட்டோடு கணைய நொதி மாத்திரையும் தேவைப்படும். கல் இல்லையென்றால் டைப் 1 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், சிறுவயது ஊட்டக்குறைவால் வருவதாகச் சொல்லப்படும் வகை ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1999-ல் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட இதை, 2025-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. வேலூரில் நடந்த ஆய்வுகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இவர்களுக்குக் கொஞ்சம் இன்சுலினே போதுமானதாக இருக்கலாம், கூடினால் ஆபத்தான அளவுக்கு இறங்கும். வயிறார, முட்டை, பருப்பு, நிலக்கடலையோடு சாப்பிடட்டும். 41 கிலோவில் 380 என்பதால் இந்த வாரமே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மகளுக்கு 11 வயது, டைப் 1. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஒரே அளவு போட்டும் திடீரென்று சர்க்கரை 400. மருந்துக் கடையில் சிரிஞ்ச் மாற்றிக் கொடுத்தார்கள், அதனால் இருக்குமா?
— வாசகி, காட்பாடி

அதனாலேயே இருக்கும். மூடியின் நிறத்தைப் பாருங்கள். புட்டியில் மில்லிக்கு 40 யூனிட் என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் என்று இருந்தால் ஆரஞ்சு மூடி. 40 புட்டியை ஆரஞ்சு சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் குழந்தைக்குப் போவது 4 யூனிட்தான். தலைகீழாக மாறினால் 10-க்குப் பதில் 25 போகும், அது உயிருக்கே ஆபத்து. புட்டியையும் பழைய சிரிஞ்சையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டியிருந்தாலும் மருந்து ஏறாது. வயிறு, தொடை என்று தினமும் இடம் மாற்றுங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாத குறைக்கு இரண்டு மண்பானை போதும். பெரியதில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் பிளாஸ்டிக் டப்பாவில் புட்டி. மேலே ஈரத்துணி. நிழலில் காற்றாட வைத்து, மணல் காயாமல் காலை மாலை தண்ணீர் தெளியுங்கள். திறந்த புட்டியை நான்கு வாரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். கையிருப்புப் புட்டிகளை ஃபிரிட்ஜ் உள்ள வீட்டில் வையுங்கள், ஐஸ் பெட்டியில் மட்டும் வேண்டாம். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயனில்லை.

வகுப்பாசிரியரிடமும் விளையாட்டு ஆசிரியரிடமும் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். விளையாடும் முன் ஒரு வாழைப்பழம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால் கீட்டோன் ஏறியிருக்கலாம், உடனே மருத்துவமனை. சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை முழுக்க நிறுத்திவிடவே கூடாது.

கத்திரி வெயிலில் வயிற்றுப்போக்கு வந்தால் எல்லா மாத்திரையும் தொடர வேண்டுமா? மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறேன்.
— வாசகர், ராணிப்பேட்டை

வேண்டாம். உடம்பில் நீர் வற்றும்போது நீங்கள் எழுதிய மூன்றுமே தொந்தரவு, அது நிற்கும்வரை நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரையும் கூடாது. உப்புக்கரைசலைத் தயங்காமல் குடியுங்கள், அதிலுள்ள சர்க்கரைக்குப் பயப்பட வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரை பாருங்கள். ஒன்றிரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு பழையபடி தொடங்கலாம். வாந்தி நிற்காவிட்டாலோ, அரை நாளாகச் சிறுநீர் போகாவிட்டாலோ வீட்டில் காத்திருக்காதீர்கள். டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் ஏறக்கூடும், அதைப் பணியிலிருக்கும் மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.